டாங்கிச் செயின் நீள்வதில்லை

மேலூர் பக்கம் கிரானைட் குவாரிகளில் ஹிட்டாச்சி ஓட்டுகிறவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி சொல்வது இது: "அண்ணே, செயினு நீண்டுருச்சுண்ணே. பல்லுல ஏறி ஏறி விழுது." மெக்கானிக்கும் தலையாட்டிவிட்டு கிரீஸ் கன்னை எடுப்பார். உண்மையில் செயின் நீள்வதே இல்லை. இரும்புத் தகடு வார்த்த அன்று இருந்த அளவில்தான் இருக்கிறது. தகடுகளைக் கோக்கிற பின் தேய்கிறது, பின் நுழைகிற துளை வட்டம் கெட்டு முட்டை வடிவமாகிறது. ஒரு மூட்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்று எல்லா மூட்டிலும் சேர்ந்து மொத்தத்தில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் கூடிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நீண்ட மாதிரி தெரிகிறது.

பழைய டாங்கியையோ ராணுவக் கேரியரையோ (ஆளும் சாமானும் ஏற்றுகிற செயின் வண்டி) அசல் பாகங்களோடு மீட்டெடுக்க நினைப்பவருக்கு முதலில் பிடிபட வேண்டிய விஷயம் இதுதான். எஞ்சின் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். பெயின்டும் அப்படியே. பணமும் பொறுமையும் கரைவது செயினில்.

டி-55 டாங்கியை எடுத்துக்கொள்வோம். சோவியத்தில் வடிவமைத்தது, இந்திய ராணுவத்திலும் நெடுநாள் ஓடியது. பக்கத்துக்கு ஐந்து பெரிய ரோடு வீல்கள், வண்டியின் பாரத்தைத் தாங்கிச் செயின் மேல் உருள்பவை. பின்னால் செயினை இழுக்கிற பல்லுள்ள ஸ்ப்ராக்கெட், முன்னால் செயினை விறைப்பாக வைக்கிற ஐட்லர் சக்கரம். மேலே செயினைத் தாங்கும் ரிட்டர்ன் ரோலர் கிடையாது, செயினின் மேல்பாகம் ரோடு வீல்களின் முதுகிலேயே படுத்துப் போகும். ஒவ்வொரு இரும்புத் தகட்டையும் குவாரிப் பேச்சில் ஷூ என்பார்கள். டி-55-இல் அதன் அகலம் 580 மில்லிமீட்டர். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரைக்குமான தூரம் பிட்ச், இதில் அது 137 மில்லிமீட்டர். புதுச் செயினில் பக்கத்துக்கு 90 ஷூ.

தேய்மானத்தை அளக்க வெர்னியர் வேண்டாம், நல்ல டேப் போதும். செயினை ஜாக்கியாலோ கை வின்ச்சாலோ இழுத்து விறைப்பாக்குங்கள். தொய்வாக இருக்கும்போது அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒரு பின்னின் முன்விளிம்பில் டேப்பை வைத்து, பத்து ஷூ தள்ளிப் பதினோராவது பின்னின் அதே முன்விளிம்பு வரை அளங்கள். பின்னின் நடுவைக் கண்ணால் குத்துமதிப்பாகப் பிடிக்க முடியாது என்பதால்தான் விளிம்புக்கு விளிம்பு. புதுச் செயின் என்றால் 1370 மில்லிமீட்டர் வர வேண்டும். 1400 வந்தால் மூட்டுக்கு 3 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. 90 மூட்டுக்கு 270 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு ஷூ நீளம். ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல் இரு பக்கமும் மூன்று மூன்று இடத்தில் அளங்கள். கழற்றி மாட்டிய டாங்கிகளில் வெவ்வேறு வண்டியின் செயின்கள் ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி கலந்து கிடப்பது சாதாரணம்.

இந்த இடத்தில் பலர் செய்வது, இரண்டு ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி கோத்துவிடுவது. தொய்வு போய்விடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஷூவின் பிட்ச்சும் இன்னும் 140-தான், ஸ்ப்ராக்கெட்டின் பல்லோ 137-க்கு வெட்டியது. பல்லைச் சுற்றி ஐந்து ஷூ கவ்வியிருந்தால் ஐந்தாவது ஷூவுக்கு வரும்போது வித்தியாசம் 15 மில்லிமீட்டர். ஷூ பல்லின் அடியில் உட்காராமல் நுனியில் ஏறி நிற்கும், வண்டி திரும்பும்போது தாண்டிக் குதிக்கும். அந்தக் குதிப்பில் பல்லின் நுனி கொக்கி போல வளைந்து தேயும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும் அந்தக் கொக்கிப் பல் அதையும் தின்றுவிடும். ஷூவைக் கழற்றலாம், தப்பில்லை. கண்காட்சிக்கு நிற்கும் வண்டிக்கு அது தாராளமாகப் போதும். ஓட்டப் போகிற வண்டிக்குச் செயினையும் பல்லையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பல் ஒரு பக்கம்தான் தேய்ந்திருக்கிறது என்றால், புதிது தேடி அலையுமுன் இடது பக்கப் பல் வளையத்தை வலத்துக்கும் வலதை இடத்துக்கும் மாற்றிப் பொருத்த முடியுமா என்று பாருங்கள். தேயாத முகம் வேலைக்கு வந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியம், பாகமும் அசலாகவே இருக்கும்.

குவாரி அனுபவம் இருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஹிட்டாச்சிச் செயினில் பின்னைச் சுற்றி புஷ் என்கிற ஒரு இரும்புக் குழாய் இருக்கும், உள்ளே கிரீஸ் அடைத்து சீல் போட்டிருக்கும். புஷ் ஒரு பக்கம் தேய்ந்தால் அரைச்சுற்று திருப்பிப் போட்டு ஓட்டுவார்கள். டி-34 (இரண்டாம் உலகப் போர்க் கால சோவியத் டாங்கி), டி-55 போன்றவற்றின் பழைய செயினில் புஷ்ஷும் இல்லை, சீலும் இல்லை. இரும்புத் துளைக்குள் இரும்புப் பின், அவ்வளவுதான். இதை 'டிரை பின்' செயின், அதாவது மூட்டில் கிரீஸ் இல்லாத செயின் என்று சொல்லலாம். பாசத்தில் இதற்கு கிரீஸ் தடவாதீர்கள். நம் ஊர்ப் பாறைத்தூளில் குவார்ட்ஸ் இருக்கிறது, அது சாதாரண இரும்பைவிடக் கெட்டி. கிரீஸோடு சேர்ந்தால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் மாதிரி ஆகி மூட்டை அரைத்துத் தள்ளும். உலர்ந்த மூட்டில் மணல் உள்ளே போனாலும் அடுத்த சுற்றில் உதிர்ந்துவிடும்.

இன்னொரு ஜாதிச் செயின் அமெரிக்க எம்4 ஷெர்மன் டாங்கியில் இருப்பது. ரப்பர் கட்டைகள், பக்கத்துக்கு 79, பிட்ச் 6 அங்குலம். பின்னைச் சுற்றி ரப்பர் ஒட்டியிருக்கும். மூட்டு வளையும்போது இரும்பும் இரும்பும் உரசாது, ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். இதை உயிருள்ள செயின் என்பார்கள். காரணம் வேடிக்கையானது: நல்ல நிலையில் இருக்கும் செயினில் நாலைந்து கட்டையைக் கழற்றித் தரையில் போட்டால் இரண்டு முனையும் தானாக மேலே எழும்பி நிற்கும். உள்ளே ரப்பர் இழுத்துக்கொண்டிருக்கிறது. பாய் விரித்த மாதிரி தட்டையாகக் கிடந்தால் ரப்பர் இரும்பை விட்டுவிட்டது. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது, விற்பவர் என்ன சொன்னாலும் சரி. வருஷக்கணக்கில் கத்திரி வெயிலில் திறந்தவெளியில் கிடந்த ரப்பர் மேலே கருகரு என்று இருந்தாலும் உள்ளே செத்திருக்கும்.

அசல் என்றால் எது?

அசல் பாகம் என்ற சொல்லை ஆளாளுக்கு ஒரு அர்த்தத்தில் பயன்படுத்துவதால்தான் பாதிச் சண்டை. நான்கு படிகளாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும். முதல் படி, அந்த வண்டியிலேயே பிறந்து வந்த பாகம். இரண்டாவது, அதே மாடலின் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. மூன்றாவது, அந்தக் காலத்தில் செய்து மாட்டாமலே கிடங்கில் கிடந்த புதுச்சரக்கு. நான்காவது, இன்று லேத்திலோ வார்ப்பிலோ செய்த மறுபதிப்பு. நான்காவது படி கேவலம் இல்லை. அதை முதல் படி என்று சொல்லி விற்பதுதான் தப்பு. நீங்கள் செய்து போடும் ஒவ்வொரு புதுப் பாகத்திலும், வெளியே தெரியாத முகத்தில், செய்த வருஷத்தைச் சின்ன எண் பஞ்சால் குத்திவிடுங்கள். இருபது வருஷம் கழித்து அதைக் கழற்றுபவர் ஏமாறக் கூடாது.

அடையாளம் எங்கே தேடுவது? வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எண்கள், தட்டிப் பதித்த குறிகள். பிரிட்டிஷ் ராணுவச் சாமானில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும். கனடாவில் செய்ததில் அந்த அம்பு ஆங்கில 'சி' எழுத்துக்குள் உட்கார்ந்திருக்கும். ஃபோர்டு கம்பெனி போர்க்காலத்தில் செய்த ஜீப்பின் போல்ட் தலைகளில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்தைக் காணலாம். நேட்டோ பொருள் எண் இருந்தால் 13 இலக்கம் இருக்கும். முதல் நான்கும் 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், ஆக்ஸில், வீல், செயின் வகைப் பாகம். அடுத்த இரண்டு இலக்கம் நாட்டைச் சொல்லும், 99 வந்தால் பிரிட்டன். இந்தக் குறிகள் எல்லாம் துருவுக்கு அடியில் இருக்கும். மணல் பிளாஸ்டிங் செய்பவரிடம் வண்டியை அப்படியே ஒப்படைத்தால், மெல்லிய பதிவுகளைப் பத்து நிமிஷத்தில் தடவி அழித்துவிடுவார். முதலில் கம்பி பிரஷ், டீசல், போட்டோ. அதற்கப்புறம் பிளாஸ்டிங்.

காந்தமும் ஒரு நல்ல சாட்சி. டி-34, டி-55 செயின்கள் ஹேட்ஃபீல்டு மாங்கனீஸ் எஃகில் வார்த்தவை. பிரிட்டனின் ராபர்ட் ஹேட்ஃபீல்டு 1882-இல் கண்டுபிடித்தது, சுமார் 12, 13 சதவீதம் மாங்கனீஸ். அடிபட அடிபட இதன் மேல்பரப்பு கெட்டியாகும். கூடவே, இதில் காந்தம் ஒட்டாது. வார்ப்பின் மேல்தோல் லேசாக இழுக்கலாம். ஒரு மூலையை கிரைண்டரால் சற்றே அரைத்துவிட்டு வைத்துப் பாருங்கள். டப்பென்று ஒட்டினால் அது சாதாரண எஃகில் செய்த மறுபதிப்பு.

இந்த எஃகு நம் பட்டறை வழக்கத்துக்கு எதிராக நடந்துகொள்ளும். துருப்பிடித்த மூட்டு என்றால் கேஸ் கட்டரால் சுட்டுத் தட்டுவதுதான் நமக்குப் பழக்கம். மாங்கனீஸ் எஃகைச் செய்யும்போதே 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துத்தான் அதற்கு உறுதி வருகிறது. மறுபடி நாம் முன்னூறு, நானூறு டிகிரிக்குச் சுட்டு ஆறவிட்டால் உள்ளே கார்பைடு பிரிந்து ஓட்டாஞ்சில்லு மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டும்போது ஒரு நாள் பின் நுழைகிற காது உடைந்து செயின் கழன்று விழும். வெல்டிங் செய்தே ஆக வேண்டும் என்றால் முன்சூடு கொடுக்காதீர்கள். மாங்கனீஸ் வகை எலெக்ட்ரோடு, ஒரு அங்குலத்துக்கு மிகாத சின்னச் சின்ன ரன், ஒவ்வொன்றுக்கும் இடையே ஈரத்துணி. தகடு 250 டிகிரியைத் தாண்டாமல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பார்த்துக்கொண்டே போகவும். துளை போடுவதும் அப்படித்தான். டிரில் பிட்டை வைத்துவிட்டுத் தயங்கினால் அந்த இடம் கெட்டியாகிப் பிட் மொட்டையாகும். கார்பைடு பிட், குறைந்த வேகம், விடாத அழுத்தம்.

பின்னை எடுப்பதும் செய்வதும்

செயினை அவிழ்க்குமுன் ஒன்றை மனதில் ஆணியடித்துக்கொள்ளுங்கள்: டாங்கியின் பிரேக் ஸ்ப்ராக்கெட்டைத்தான் பிடிக்கிறது, ரோடு வீல்களை இல்லை. செயின் கழன்ற நிமிஷமே அந்தப் பக்கத்துக்கு பிரேக் கிடையாது. இரண்டு பக்கமும் கழன்றால் பத்துப் பதினைந்து டன் கேரியரோ முப்பத்தாறு டன் டாங்கியோ, கண்ணுக்குத் தெரியாத சரிவில்கூட உருள ஆரம்பிக்கும். சமதரை, முன்னும் பின்னும் கனமான கட்டை, இரண்டும் இல்லாமல் பின்னில் கை வைக்காதீர்கள்.

ஐட்லரைத் தளர்த்தித் தொய்வு கொடுத்து, கழற்றப் போகும் மூட்டின் இரு பக்கத்தையும் கை வின்ச்சால் சேர்த்துக் கட்டிய பிறகுதான் பின். அதன் தலை அடிபட்டுக் காளான் போல விரிந்திருந்தால் அதை முதலில் அரைத்து எடுங்கள். இல்லாவிட்டால் துளையைக் கிழித்துக்கொண்டு வரும், அல்லது வராது. இரண்டு மூன்று நாள் டீசல் ஊற்றி ஊறவிட்டு, பின்னைவிட ஒரு மில்லிமீட்டர் சிறிய உருளையை வைத்து ஹைட்ராலிக் ஜாக்கியால் தள்ளுவது நல்லது. சம்மட்டியால் அடிப்பதானால் கண்ணாடி கட்டாயம். கெட்டியான எஃகில் கெட்டியான சம்மட்டி பட்டால் சில்லு தெறிக்கும்.

டி-34-இல் ஒரு விசித்திரம். அதன் பின்களுக்கு உட்பக்கம் பூட்டே கிடையாது. ஓடும்போது பின் உடலை நோக்கி மெல்ல வெளியே வரும், பின்புறம் உடம்பில் பற்றவைத்த சாய்வான இரும்புத் துண்டு ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தட்டி உள்ளே தள்ளிவிடும். விஷயம் தெரியாத கை அதை யாரோ பின்னாளில் ஒட்டிய கழிவு என்று நினைத்து அறுத்துவிட்டால் போச்சு. காரணம் புரியாத எதையும் அறுக்காமல் இருப்பது மீட்பு வேலையில் பாதிப் புத்தி.

புதுப் பின் மதுரைப் பக்கம் கே.புதூரிலோ கப்பலூர்த் தொழிற்பேட்டையிலோ உள்ள எந்த நல்ல லேத்திலும் செய்யக் கூடியதுதான். ஈஎன்-24 என்கிற எஃகுக் கம்பியை 'டி' நிலையில், அதாவது 250 முதல் 300 பிரினல் கெட்டித்தனத்தில் வாங்கினால் நேராகக் கடையலாம். எண்ணெயில் முழுக்கத் தோய்த்து அதற்கு மேல் கெட்டியாக்கினால் பின் வளையாமல் முறியும். தேய்வது பின்னின் வேலை, அது தேயட்டும். ஷூதான் கிடைக்காத சாமான்.

லேத்துக்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது பொருத்தம். "டைட்டா வச்சிருக்கேன் சார், ஆடவே ஆடாது" என்று பெருமையாகக் கொண்டுவருவார். யுனிவர்சல் கேரியரைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படைகளும் பயன்படுத்திய சின்ன வண்டி, ஃபோர்டு வி8 எஞ்சின், 85 குதிரைத்திறன். இதன் ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பினால் ஒரு ரோடு வீல் ஜோடி பக்கவாட்டில் நகர்ந்து செயினையே வில் போல வளைக்கும், அதனால் வண்டி மெதுவாகத் திரும்பும். இன்னும் திருப்பினால்தான் ஒரு பக்க பிரேக் பிடிக்கும். செயின் அப்படிப் பக்கவாட்டில் வளைய மூட்டுகளில் கொஞ்சம் ஆட்டம் வேண்டும். ஆடாத பின் போட்டால் வண்டி நேராகத்தான் போகும். ஒரு அசல் பின்னையும் தேயாத ஒரு துளையையும் அளந்து, அந்த இடைவெளியைத்தான் லேத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இதே கேரியரில் மரை விஷயமும் சேர்ந்து வதைக்கும். உடம்பு பிரிட்டிஷ் விட்வொர்த் மரை, 55 டிகிரி. எஞ்சின் அமெரிக்க மரை, 60 டிகிரி. அரை அங்குல விட்வொர்த்தில் அங்குலத்துக்கு 12 மரை, அதே அளவு அமெரிக்கக் கோர்ஸ் மரையில் 13. மூன்று சுற்று சுகமாகப் போய்விட்டு நாலாவதில் இறுகும். ஸ்பானரை நீட்டி இறுக்கினால் 80 வருஷ வார்ப்பின் மரை பொடியாகும். கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை மற்ற பொது அளவுகளில் இரண்டிலும் மரை எண்ணிக்கை ஒன்றுதான், கோணம் மட்டும் வேறு. அங்கே முழுக்க ஏறியே விடும், ஆனால் பிடிப்பு இருக்காது. மரையை அளக்கும் இருநூறு ரூபாய் த்ரெட் கேஜ் இல்லாமல் எந்த போல்ட்டையும் இதில் ஏற்றாதீர்கள். நல்ல பக்கம், அந்த ஃபோர்டு வி8 போர்க்கால லாரிகளிலும் சாதாரணக் கார்களிலும் ஓடியது. பிஸ்டன், வால்வு, கார்புரேட்டர் தேடுவது செயின் தேடுவதைவிட எவ்வளவோ சுலபம்.

ரோடு வீல் ரப்பருக்கு மதுரையில் கை உண்டு. மேலூர் சாலையில் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலையே இருக்கிறது, ரப்பர் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டயர் ரீட்ரெடிங் பசையால் ஒட்டுவது நிற்காது. ஓடும்போது சூடு ரப்பரின் நடுவில் பிறக்கிறது, மேல்பரப்பில் இல்லை. பழைய ரப்பரை முழுக்க எடுத்து, இரும்பு விளிம்பை பிளாஸ்ட் செய்து, அன்றே பிணைப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, அச்சில் அழுத்தத்தோடு 140, 150 டிகிரியில் வேகவைக்க வேண்டும். பிளாஸ்ட் செய்துவிட்டு ஐப்பசி மழைக் காற்றில் ஒரு ராத்திரி வைத்தாலே கண்ணுக்குத் தெரியாத துரு பிடித்துவிடும், பூச்சு இரும்பைப் பிடிக்காது.

தொடாமல் விட வேண்டியவையும் உண்டு. பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கம்ப்ரசரால் ஊதாமல் நனைத்துத் துடையுங்கள். அடிக்கோட்டுச் சிவப்பு பெயின்டில் ஈயம், அதை உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது. இருட்டில் மின்னும் மீட்டர் முள்கள் பலவற்றில் ரேடியம் பூசியிருக்கும். இப்போது மின்னவில்லை என்றால் ரேடியம் தீர்ந்தது என்று அர்த்தமில்லை, அதோடு கலந்த ஒளிரும் பொருள்தான் செத்தது. ரேடியத்தின் அரையாயுள் 1600 வருஷம். மீட்டர் கண்ணாடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே குண்டு மாதிரி எதையாவது பார்த்தால் கையில் எடுக்காமல் வெளியே வந்து போலீஸுக்குச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் பள்ளி, கல்லூரி, பூங்கா வாசலில் மேடையில் ஏற்றி வைத்த டாங்கி கிடைத்தால் அதற்கு இத்தனை வேலை வேண்டியதில்லை. ஓடாத வண்டிக்கு எதிரி தேங்கும் தண்ணீர் மட்டுமே. அடிவயிற்றில் இருக்கும் வடிகால் பிளக்கைத் திறந்தே வையுங்கள். செயின் சிமெண்டில் பதிந்து நின்றால் அடியில் ஈரம் காயாது, தடித்த இரும்புப் பட்டை இரண்டை அடியில் கொடுத்துத் தூக்கிவிடுங்கள். டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் எஃகுத் தண்டு) வகை என்றால் உடம்புக்கு அடியில் முட்டுக் கொடுத்து பாரத்தை இறக்கிவிட்டால், ரப்பரும் பாரும் ஓய்வெடுக்கும். அந்தப் பாரை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் இடது, வலது என்று எழுதி வையுங்கள். ஒரு திசை முறுக்குக்கென்றே பழக்கிய எஃகு அது, பக்கம் மாற்றிப் போட்டால் முறியும். மேலே இருக்கும் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் உடனே பெயின்ட் வையுங்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஓடுகிற வண்டிக்குச் செயின் மாட்டிய பின் முதல் ஓட்டம் ஐம்பது மீட்டருக்கு மேல் வேண்டாம். நேராக முன்னே, நேராகப் பின்னே, திருப்பமே கூடாது. நிறுத்தி, அந்த வண்டியின் கையேட்டில் சொன்ன தொய்வு இருக்கிறதா என்று அளந்து, புதுப் பின்கள் உட்கார்ந்த அளவுக்கு ஐட்லரை மறுபடி சரிசெய்யுங்கள். பிறகு அரை கிலோமீட்டர். இறங்கி வந்து ஒவ்வொரு ஹப்பிலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். எல்லாம் வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுட்டால், அந்த பேரிங்கை அன்றே கழற்றிவிடுங்கள்.